வினாடி வினா ஆப் போட்டால் வகுப்பு கலகலக்கிறது, ஆனால் மனதில் எதுவும் நிற்பதில்லை – என்ன செய்யலாம்?

கரும்பலகை:
8-ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் 40 பேர், டேப்லெட் 20. பாடம் முடிந்ததும் ஆப்பில் 10 கேள்வி வைப்பது வழக்கம். திரையில் கேள்வி வரும், சீக்கிரம் தொட்டால் அதிகப் புள்ளி, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் முதல் ஐந்து பேர் பட்டியல். அந்த நேரத்தில் ஒரு பிள்ளைகூடத் தூங்குவதில்லை, அது வரைக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் பட்டியலில் எப்போதும் அதே முகங்கள். பாதிக் கேள்வி தாண்டுவதற்குள் பின்வரிசை கேள்வியைப் படிக்காமலே தட்ட ஆரம்பித்துவிடுகிறது. அதே கேள்வியை அடுத்த வாரம் தாளில் கேட்டால் முழிக்கிறார்கள். இது போக, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட்டுகளை இணைக்கிறேன். சில உள்ளே போகின்றன, மீதி சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பாட நேரத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடுகிறது. ஆப்பை மாற்றினால் சரியாகுமா? எதற்கு மாறலாம்?

வயர்மேன்:
இணைப்புப் பிரச்சினைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் டீச்சர். விண்டோஸ் லேப்டாப்பின் மொபைல் ஹாட்ஸ்பாட் ஒரே நேரத்தில் 8 கருவிகளைத்தான் சேர்த்துக்கொள்ளும். ஒன்பதாவது டேப்லெட் சுற்றத்தான் செய்யும், டேப்லெட்டில் கோளாறு இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டும் இருபதைத் தாங்குமென்று நம்பாதீர்கள்.

வகுப்பறைக்குள்ளேயே ஒரு வைஃபை ரௌட்டர் வேண்டும். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் டேப்லெட்டுகளை அதில் போடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வகுப்புகள் ஏற்கெனவே அவற்றைப் பிடித்திருக்கும். வினாடி வினாவுக்கு இணைய வேகம் பெரிதாகத் தேவையில்லை. ஒரே சமயத்தில் எத்தனை கருவி ஒட்டலாம் என்பதுதான் கணக்கு. டேப்லெட்டுகளில் தானாக நடக்கும் அப்டேட்டை நிறுத்திவிடுங்கள், பாடம் தொடங்கும்போதே இணையவும் வைத்துவிடுங்கள்.

நீல மை:
ஆப்பை மாற்றி ஒன்றும் ஆகாது டீச்சர். உங்கள் விளையாட்டு எதற்குப் புள்ளி கொடுக்கிறது என்று பாருங்கள். கஹூட் என்ற வினாடி வினா ஆப்பின் புள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சரியான விடைக்கு உச்சம் 1000. நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதில் பாதி போய்விடும். 20 விநாடிக் கேள்விக்கு 16 விநாடி யோசித்துச் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு 600. ஒரு விநாடியில் கண்ணை மூடித் தட்டி மாட்டிக்கொண்டவனுக்கு 975. பத்துக் கேள்வியில் குருட்டாம்போக்கில் நான்கு சரியாகிவிட்டால் அவனுக்கு 3900. நிதானமாக ஆறு கேள்விக்குச் சரியாகச் சொன்னவளுக்கு 3600. பின்வரிசை படிக்காமல் தட்டுவது சோம்பலால் அல்ல. ஆட்டத்தின் விதியை உங்களைவிட அவர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள்!

அதனால் முதலில் டைமரைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் புள்ளி இல்லாத கேள்வியாக வையுங்கள். பெரும்பாலான ஆப்களில் இரண்டில் ஒன்றாவது இருக்கும். அடுத்து, பத்துக் கேள்வியை மூன்றாகக் குறையுங்கள். ‘மின்னோட்டத்தின் அலகு என்ன’ மாதிரி கேள்வியில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. இப்படிக் கேளுங்கள்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் இருக்கின்றன, எது அதிகப் பிரகாசமாக எரியும்? பேட்டரியின் நேர்முனைக்கு அருகில் இருப்பதா, எதிர்முனைக்கு அருகில் இருப்பதா, இரண்டும் சமமா? முதல் பல்பு மின்னோட்டத்தைக் ‘குடித்துவிடும்’ என்று நினைக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. தவறான ஆப்ஷன்கள் அந்த நினைப்பிலிருந்து வர வேண்டும். சும்மா இடத்தை நிரப்ப வரக் கூடாது.

வாக்கு விழுந்ததும் விடையைக் காட்டாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களே சரியென்றால் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் இரண்டு வார்த்தை விளக்கிவிட்டு நகரலாம். நடுவில் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையை ஒத்துக்கொள்ள வைக்கச் சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மறுபடி வாக்கெடுக்க வேண்டும். அதன் பிறகு ஃபெட் (PhET) என்ற அறிவியல் பாவனைத் தளத்தில், திரையிலேயே சுற்று அமைத்துப் பார்க்கும் மின்சுற்றுப் பாவனையில் இரண்டு பல்புகளையும் மாட்டி, இரு பக்கமும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்துக் காட்டுங்கள். தாங்கள் சொன்னது சரியா என்று பார்க்கத் துடிப்பார்கள். உங்களுக்கு வேண்டிய கலகலப்பு அதில் தானாக வரும்.

கடைசி பெஞ்ச்:
புள்ளி, பட்டியல், டைமர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் அது விளையாட்டா, தேர்வா? என் வகுப்பில் போட்டி இல்லையென்றால் பிள்ளைகள் டேப்லெட்டைத் தொடவே மாட்டார்கள். நான்கு பேருக்கு ஓர் அணி என்று பிரித்து அணிப் புள்ளியை மட்டும் காட்டுகிறேன். அணியை அடிக்கடி கலைத்தும் விடுகிறேன். ஜெயித்த அணிக்குச் சின்னதாக ஒரு பரிசும் உண்டு.

நீல மை:
அணி நல்ல யோசனை சார், அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். பரிசில்தான் எனக்குத் தயக்கம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த மழலைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னால் தானாக விளையாடும் நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. உங்கள் வகுப்பில் ஆசையே இல்லாத இடத்தில் பரிசு ஒரு தொடக்கம் கொடுக்கலாம், மறுக்கவில்லை. எப்போதாவது, சொல்லாமல் கொடுங்கள்.

கடைசி பெஞ்ச்:
சொல்லாமல் கொடுத்தால் அடுத்த நாளே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் சார். அது தனி இழைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

மறுபார்வை:
அடுத்த வாரம் முழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதை யாரும் தொடவில்லை. பாடம் முடிந்த உடனே கேட்டால் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதைத்தான் அளக்கிறீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து சுமார் 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்து மூன்று முறை பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களுக்கு சுமார் 61. ஆகவே வினாடி வினாவைப் பாடத்தின் வாலிலிருந்து தலைக்கு மாற்றுங்கள்: வகுப்பு தொடங்கியதும், போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி. ஆப்ஷன் தட்டுவதற்கு முன் விடையை நோட்டில் ஒரு வரி எழுதட்டும்.

கரும்பலகை:
எல்லாருக்கும் நன்றி. பல்புக் கேள்வியை வைத்துப் பார்த்தேன். முதல் வாக்கில் பெரும்பாலோர் நேர்முனைப் பல்பு என்றார்கள். சமம் என்று சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேசவிட்டபோது வகுப்பு சந்தை மாதிரி ஆனது, ஆனால் சத்தம் முழுக்கப் பாடத்தைப் பற்றித்தான். இரண்டாம் வாக்கு நன்றாகவே திரும்பியது. வழக்கமாகப் பட்டியலில் வரும் பையன் ஒருவன் பக்கத்துப் பெண்ணிடம் தோற்றுப்போய், “சரி, அம்மீட்டர்ல பாத்துக்கலாம்” என்றான்.

இப்போது ஒரே தொல்லை: இருவருக்கு ஒரு டேப்லெட் என்பதால் முதல் வாக்கில் கையில் வைத்திருக்கும் பிள்ளைதான் தட்டுகிறது. மற்றது வேடிக்கை பார்க்கிறது. ரௌட்டர் வாங்கித்தர நிர்வாகம் நாள் எடுக்கும் போலிருக்கிறது.

வயர்மேன்:
அப்படியானால் பிளிக்கர்ஸ் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனி வடிவம் அச்சிட்ட காகிதம். எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் போனில் பிளிக்கர்ஸ் ஆப்பைத் திறந்து அதன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லா விடையும் பதிவாகிவிடும். அட்டையின் பக்கங்களில் உள்ள A, B, C, D எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பவும் முடியாது. சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, உங்கள் வகுப்புக்குச் சரியாக இருக்கும். இணையம் தேவைப்படுவது போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்.

கரும்பலகை:
அச்சடித்துவிட்டேன் சார். முன்வரிசை உடனே பதிவாகிறது, ஜன்னலோரம் மட்டும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. கசங்காமல் இருக்க லேமினேட் செய்திருக்கிறேன்.

வயர்மேன்:
பளபளப்பான லேமினேஷனாக இருக்கும், ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடியாக மின்னுகிறது. மேட் வகையில் போடுங்கள், அல்லது கெட்டி அட்டையில் வெறுமனே அச்சடியுங்கள். அதுவரை ஜன்னலோரப் பிள்ளைகளை அட்டையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் பகுதியை விரல் மறைத்தாலும் பதிவாகாது, ஓரத்தைப் பிடித்தால் போதும்.