விடை பூஜ்யம் வந்த பஸ் கணக்கு

பதினொன்றாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளில் நான் சிக்கிய இடத்தை எழுதுகிறேன், இப்போது படிக்கிற யாராவது அங்கேயே நின்றுகொண்டிருக்கலாம். கணக்கு இதுதான்: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ்ஸில் பிரேக் போடுகிறார்கள், எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) 4 மீ/வி², 10 விநாடியில் பஸ் எவ்வளவு தூரம் போகும்?

72-ஐ 5/18 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 20 மீட்டர். யூ (தொடக்க வேகம்), ஏ (முடுக்கம்), டி (நேரம்) மூன்றும் தெரியும், எஸ் (இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி) வேண்டும், அப்போ யூடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர். 200 கழித்தல் 200, பூஜ்யம். மைனஸ் குறியைக்கூட மறக்கவில்லை, நாலு தடவை போட்டும் அதே பூஜ்யம்தான். பரீட்சையில் அப்படியே எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு வந்தது, ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை, அது ரொம்ப நாள் மனதில் உறுத்தியது.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம், அப்பா லாரி டிரைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கணக்கைப் படித்துக் காட்டினேன். பூஜ்யம்னா பஸ் பிரேக் போட்ட இடத்துக்கே வந்துடுச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பிரேக் போட்டா வண்டி நிக்கும் பாப்பா, ரிவர்ஸ்லயா வரும்?"

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. 20-லிருந்து விநாடிக்கு 4 குறைந்தால் 5 விநாடியில் பஸ் நின்றுவிடும். நின்ற பிறகு பிரேக்குக்கு வேலையே இல்லை, முடுக்கமும் இல்லை. நானோ மீதி 5 விநாடிக்கும் அதே மைனஸ் 4-ஐப் போட்டுப் பஸ்ஸைப் பின்னால் ஓட்டியிருக்கிறேன். முடுக்கம் மாறாமல் இருக்கும் வரைதான் அந்தச் சமன்பாடு செல்லும். சரியான விடை 50 மீட்டர்.

இதே 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்து, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், 4 விநாடியில் இடப்பெயர்ச்சி பூஜ்யம்தான், அங்கே அது சரியான விடை. உச்சியில் பந்து நிற்கிற அந்தக் கணத்திலும் பூமி இழுப்பதை விடுவதில்லை, அதனால் கைக்கே வந்துவிடுகிறது.

இப்போது கிருஷ்ணகிரியில் டியூஷன் எடுக்கிறேன். பிரேக் கணக்கு வந்தால் முதலில் எப்போது நிற்கும் என்று பார்க்கச் சொல்வேன், சமன்பாடெல்லாம் அப்புறம். தருமபுரி-சேலம் சாலையில் வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தையும் கணக்காகக் கொடுப்பேன். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொண்டால், பிரேக்கின் 4-ல் ஏறக்குறைய 0.5-ஐ (புவியீர்ப்பின் 10-ல் இருபதில் ஒரு பங்கு) அந்தச் சரிவே தின்றுவிடும், 50 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 57 மீட்டர் போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், உராய்வைச் சேர்க்காமல் பார்த்தால், மணிக்கு 36-ல் இறங்கும் வண்டி 20 விநாடியில் 72-க்கு வந்துவிடும். பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போடும்போது வகுப்பில் சத்தமே இருக்காது, பாதிப் பேர் வீட்டில் யாராவது வண்டி ஓட்டுகிறவர்கள்.

அந்த 57-ஐ அப்பாவிடம் சொன்னேன். "லோடு இருந்தா இன்னும் தள்ளி வெச்சுக்கோ" என்றார். பிரேக் தரும் விசைக்கு ஓர் எல்லை உண்டு, நிறை கூடினால் எதிர்முடுக்கம் குறையும். அடுத்த வாரக் கணக்கு அதுதான்.