லிட்டர், கப், புஷலை எப்பா, ஓமருக்கு மாற்ற எந்த எண்ணை எடுப்பது?

எக்செல்வாசி:
சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக ஒரு எக்செல் ஷீட் போடுகிறேன். லிட்டர், கப், அமெரிக்கத் தானிய அளவான புஷல் எதைக் கொடுத்தாலும் வேதாகமத்துத் தானிய அளவுகளான ஓமர், சேயா, எப்பா என்று மாற்றித் தர வேண்டும். ஃபார்முலா சுலபம்தான், ஆனால் முதல் எண்ணிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு தளத்தில் எப்பா 22 லிட்டர், மற்றவற்றில் 25, 39, ஏன் 43 கூட இருக்கிறது. புஷல் 35.24 லிட்டர். அப்படியென்றால் எப்பா புஷலைவிடப் பெரியதா, சின்னதா? அதுகூடத் தெரியாமல் எப்படி மாற்றுவது?

பழஞ்சாடி:
சகோ, அந்த நாலு எண்ணும் வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது, எதுவும் அச்சுப்பிழை இல்லை. அளவுகளுக்குள் இருக்கும் விகிதத்தில் பெரிய சண்டை கிடையாது: 1 ஹோமர் (ஓமர் வேறு, இது வேறு) 10 எப்பா, 1 எப்பா 10 ஓமர் (யாத்திராகமம் 16:36) அல்லது 3 சேயா, 1 சேயா 6 காப், 1 காப் 4 லோக். அதில் ஏதாவது ஒன்றை லிட்டரில் கட்டப் போகும்போதுதான் அடிதடி. எசேக்கியேல் 45:11 எப்பாவும் பாத்தும் ஒரே அளவு என்கிறது. பாத் என்பது எண்ணெய், திராட்சரசம் அளப்பது, ஆகவே தானியம் அளந்த பாத்திரம் கிடைக்காவிட்டாலும் ஜாடியை வைத்து எப்பாவைப் பிடித்துவிடலாம். பழைய யூதேயா ஊர்களான லாகீஸிலும் டெல் பெய்த் மிர்சிமிலும் 'பாத்' என்று எழுதிய ஜாடித் துண்டுகள் கிடைத்தன. உடைந்த துண்டுகள்தான், அவற்றை வைத்து முழு ஜாடியை ஊகித்துத் தொல்லியலாளர் ஆல்பிரைட் சொன்னது ஏறக்குறைய 22 லிட்டர். 39 வருவது யூத வரலாற்றாசிரியர் யோசேபஸிடமிருந்து. அவர் பாத் என்பது 72 ரோம செக்ஸ்டேரியஸ் என்கிறார், ஒன்று 0.54 லிட்டர், பெருக்கிப் பாருங்கள். அவர் முதல் நூற்றாண்டு ஆள், ராஜாக்கள் காலத்து ஜாடிக்கும் அவருக்கும் நடுவே பல நூறு வருஷம் இருக்கிறது.

ஆதியாகமம், ரூத் என்றால் நான் 22-ஐத்தான் எடுப்பேன். அதன்படி புஷல் 1.6 எப்பா, 39-ஐ எடுத்தால் 0.9.

மாவுக்கை:
மீதி இரண்டும் முட்டைக் கணக்கு 😀 ரபிகளின் (யூத மதகுருக்களின்) மரபில் 1 லோக் என்பது 6 கோழிமுட்டை, அப்படியே ஏறினால் ஓமர் 43.2 முட்டை. இது இன்றைக்கும் யூத வீடுகளில் தேவைப்படுகிற கணக்கு, ஏனென்றால் ஓமர் அளவு மாவு பிசைந்தால் அதிலிருந்து ஹல்லா, அதாவது காணிக்கையாக ஒதுக்கும் ஒரு துண்டு மாவு, பிரித்தெடுக்க வேண்டும். ரபி ஆவ்ராம் ஹாயிம் நாயே முட்டையை 57.6 மில்லி என்று வைத்தார், ஓமர் 2.49 லிட்டர், எப்பா 24.9. ஹசோன் ஈஷ் என்ற இன்னொரு ரபியின் வழியில் முட்டை கிட்டத்தட்ட 100 மில்லி, எப்பா 43 லிட்டர். எங்கே இருக்கிறது அவ்வளவு பெரிய முட்டை என்று கேட்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிராகில் ரபி யெஹெஸ்கேல் லாண்டாவ் கட்டைவிரல் அளவையும் முட்டை அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார், இரண்டும் ஒத்துவரவில்லை, விரல் மாறவில்லை முட்டைதான் சிறுத்துவிட்டது என்று முடிவுகட்டினார். பெரிய அளவு அந்த வழியில் வந்தது. எனக்கு அது நம்பும்படி இல்லை, ஆனால் அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குறுக்கே ஒரு சொல்:
இரண்டு விஷயம். அமெரிக்க பைண்ட் போட்டால் உலர் பைண்ட் (0.551 லிட்டர்) தனி, திரவ பைண்ட் (0.473) தனி, கலந்துவிட்டால் ஆறில் ஒரு பங்கு தப்பாகும். அப்புறம், நம் வேதாகமத்தில் ஆபிரகாம் விருந்தாளிகளுக்காகப் பிசையச் சொல்லும் 'மூன்றுபடி மாவு' மூன்று சேயா. நம்மூர்ப் படியைப் போட்டுப் பெருக்க வேண்டாம், 22 கணக்கில் சேயா ஒன்றே 7.3 லிட்டர்.

எக்செல்வாசி:
அப்படியானால் ஆபிரகாம் மூன்று விருந்தாளிக்கு 22 லிட்டர் மாவா?! சரி, எப்பாவின் லிட்டரைத் தனி செல்லில் வைத்துவிடுகிறேன், 22, 24.9, 39, 43 நாலில் வேண்டியதை அவரவர் தேர்ந்துகொள்ளட்டும். ஓமரைக் கிலோவில் காட்டலாமா?

மாவுக்கை:
காட்டலாம், ஆனால் கோதுமை மணி லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், வாற்கோதுமை 0.6 பக்கம். மாவு சலித்துப் போட்டால் ஒரு எடை, அழுத்தி நிரப்பினால் வேறு எடை. எந்தத் தானியம் என்று ஷீட்டில் ஒரு நெடுவரிசை (column) சேர்த்துவிடுங்கள்.