அலி – நார்ட்டன் மூன்றாவது ஆட்டம்: "சந்தேகமே இல்லாத வெற்றி" என்று எழுதியவருக்கு

பதினைந்தாம்சுற்று:
மணிக்கூண்டு நேற்று எழுபதுகளின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தார். முதல் நான்கு பேர் அலி, ஃபோர்மன், ஃப்ரேஸியர், ஹோம்ஸ். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் கென் நார்ட்டனை ஒன்பதாவது இடத்தில், ஜெர்ரி குவாரிக்கும் கீழே வைத்திருக்கிறார். 1975-ல் குவாரியை ஐந்தாவது சுற்றிலேயே முடித்தது யார் என்று அவருக்குத் தெரியுமா? நார்ட்டன்தான்.

அதைவிட எரிச்சலூட்டியது அவர் சொன்ன காரணம்: "1976 செப்டம்பர் 28, யாங்கி ஸ்டேடியத்தில் அலி சந்தேகமே இல்லாமல் ஜெயித்தார். நார்ட்டன் ஆதரவாளர்களின் புலம்பலுக்கு ஆதாரம் இல்லை." இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நியூயார்க்கில் அப்போது சுற்றுக் கணக்கில்தான் மதிப்பெண். இரண்டு நடுவர்கள் 8–7. ரிங்குக்குள் நின்று ஆட்டத்தை நடத்திய ரெஃப்ரி ஆர்தர் மெர்கான்டே 8–6, ஒரு சுற்று சமம். பதினான்கு சுற்று முடிந்தபோது அந்த இரண்டு நடுவர்களின் அட்டையிலும் 7–7. கடைசிச் சுற்று நார்ட்டனுக்குப் போயிருந்தால் பட்டம் கைமாறியிருக்கும். ஒரே ஒரு சுற்றில் தொங்கிய ஆட்டத்தைச் சந்தேகமே இல்லாத வெற்றி என்று எழுத எப்படி மனம் வந்தது?

மணிக்கூண்டு:
சார், கணக்கை நீங்களே போட்டுவிட்டீர்கள். மூன்று பேர் மதிப்பெண் போட்டார்கள், மூன்று பேரும் அலிக்குக் கொடுத்தார்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. பதினைந்தாவது சுற்றையும் மூவரும் அலிக்கே கொடுத்தார்கள். நூலிழை வெற்றியும் வெற்றிதான். முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன், செய்தித்தாள் துணுக்கை வைத்து அல்ல.

கிங்ஸ்டன்73:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள். கராகஸ், 1974 மார்ச். ஃபோர்மன் நார்ட்டனை இரண்டாவது சுற்றில் படுக்க வைத்தார். ஃப்ரேஸியரையும் அதற்கு முந்தைய வருடம் கிங்ஸ்டனில் இரண்டே சுற்றில் ஆறு முறை தரையில் விழவைத்தார். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? எழுபதுகளில் ஃபோர்மன்தான் ராஜா. யாங்கி ஸ்டேடியம் கதையெல்லாம் இரண்டாம்பட்சம்.

பதினைந்தாம்சுற்று:
வந்துவிட்டார் கராகஸ்காரர். நார்ட்டன் என்ற பெயரை எங்கே பார்த்தாலும் கராகஸ் என்று எழுதாமல் உங்களால் இருக்க முடியாது. இங்கே பேச்சு அலி – நார்ட்டன் மூன்றாவது ஆட்டம். ஃபோர்மனுக்குத் தனித் திரி போடுங்கள்.

மணிக்கூண்டு சாருக்கு: மூன்று பேர் கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன், அதையே எனக்குப் பதிலாகத் தருகிறீர்கள். பதினைந்தாவது சுற்றில் என்ன நடந்தது? நார்ட்டனின் தரப்பில் அவரிடம், நீ ஜெயித்துவிட்டாய், பத்திரமாக ஆடு என்று சொன்னார்கள். இதை நார்ட்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் முதல் இரண்டு நிமிடம் அடக்கி வாசித்தார். அப்படியும் அந்தச் சுற்றின் கடைசிப் பகுதியில் விழுந்த கனமான அடிகள் யாருடையவை? மணி அடித்ததும் இருவர் முகத்தையும் பாருங்கள். நார்ட்டன் ஜெயித்த முகத்தோடு கத்துகிறார், அலி தலையைத் தொங்கவிட்டுத் தன் மூலைக்குப் போகிறார். முடிவு அறிவித்ததும் நார்ட்டன் அழுதுகொண்டே ரிங்கைவிட்டு இறங்கினார்.

மணிக்கூண்டு:
முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அடக்கி வாசித்தார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். பட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் இரண்டு நிமிடம் அடக்கி வாசித்தவருக்கு அந்தச் சுற்றை எப்படிக் கொடுப்பது? சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வந்தவர் பறித்துக் காட்ட வேண்டும்.

பொதுவன்:
ஒரு சின்னக் கேள்வி. "யார் பெரியவர்" என்று பேசும்போது எந்த அளவுகோலை வைக்கிறீர்கள்? உச்சத்தில் இருந்தபோது யார் யாரை ஜெயிப்பார் என்பதா, வாழ்நாள் சாதனையா, ஒரு குறிப்பிட்ட ஆட்டமா? அதை முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கிங்ஸ்டன்73:
அளவுகோல் எளிது. யார் எழுந்திருக்கவில்லை என்று பாருங்கள். கராகஸ்.

பதினைந்தாம்சுற்று:
"பட்டத்தைப் பறித்துக் காட்ட வேண்டும்" என்று எந்த விதியில் இருக்கிறது, மணிக்கூண்டு சார்? மதிப்பெண் அட்டையில் சாம்பியனுக்கு என்று தனிப் பத்தி கிடையாது. ஆனால் அந்தக் காலத்து நடுவர்கள் மனதில் அது இருந்தது. அதே வருடம் ஏப்ரல் மாதம் லாண்டோவரில் ஜிம்மி யங்கோடு நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். அலி 230 பவுண்டு, தொப்பையோடு வந்தார். யங் பாயின்ட் பாயின்டாகச் சேர்த்தார். கயிற்றுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டி ஒளிந்தார், அது அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒருமனதாக அலி என்று தீர்ப்பு வந்தது. அன்று கூட்டத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. ஐந்து மாதம் கழித்து நார்ட்டனுக்கும் அதே கதி.

முதல் ஆட்டத்துக்கு வாருங்கள். 1973 மார்ச் 31, சான் டியேகோ. அலியின் தாடை உடைந்தது. எந்தச் சுற்றில் உடைந்தது என்பதில் இன்றும் தகராறு. அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி இரண்டாவது சுற்றிலேயே என்றார், நார்ட்டன் பதினொன்றாவது என்றார். எதுவாக இருந்தாலும் உடைத்தவர் நார்ட்டன். நார்ட்டனின் அப்போதைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம்: அலி ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து) போடும் அதே நேரத்தில் நீயும் ஜாப் போடு, அவருடைய வலது கை காப்புக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இதே ஃபட்ச்தான் ஃப்ரேஸியரின் மூலையிலும் நின்றவர், 1975-ல் மணிலாவில் அலியோடு நடந்த ஆட்டத்தில் பதினான்காவது சுற்றுக்குப் பிறகு ஃப்ரேஸியரை எழவிடாமல் உட்கார வைத்தவர். அலியை முழுசாகப் படித்த மனிதர். அவர் பாடத்தை முழுதாக நிறைவேற்றிக் காட்டிய மாணவன் நார்ட்டன். மூன்று ஆட்டங்களில் மொத்தம் 39 சுற்று. அலியால் அவரை ஒருமுறைகூடக் கீழே தள்ள முடியவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஒன்பதாவது இடமா?

கடற்கரைக்காற்று:
அலியைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். 1980-ல் அலி சென்னைக்கு வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஆடினார். என் அப்பா அதை நேரில் பார்த்தவர். அந்த வயதிலும் அலியின் கால் அப்படி ஓடியது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை யாராவது சும்மா தோற்கடித்துவிட முடியுமா?

பதினைந்தாம்சுற்று:
அது காட்சி ஆட்டம், நண்பரே. எல்லிஸ் அவருக்குப் பழைய லூயிவில் நண்பர், பயிற்சிக்காக மோதும் ஸ்பாரிங் கூட்டாளி. உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் காட்சி ஆட்டத்தில் ஓடிய காலை வைத்து 1976-ன் மதிப்பெண்ணைச் சரிபார்க்க முடியாது.

கடற்கரைக்காற்று:
என் அப்பாவைப் பொய் சொன்னார் என்கிறீர்களா?

பதினைந்தாம்சுற்று:
நான் அப்படி எழுதவே இல்லை. மேலே போய் மறுபடி படியுங்கள்.

கடற்கரைக்காற்று:
படித்தேன். தொனி எனக்குப் புரிகிறது. போன வருடம் டைசன் – ஹோம்ஸ் திரியிலும் இப்படித்தான் பேசினீர்கள்.

மணிக்கூண்டு:
டைசன் திரியை இங்கே இழுக்க வேண்டாம். அங்கே நானும் சிலவற்றை மறக்கவில்லை.

நார்ட்டனுக்கு வருகிறேன். அலி அந்த ஆட்டத்துக்கு எப்படி வந்தார் என்பதைப் பதினைந்தாம்சுற்று சொல்லவே மாட்டார். மூன்று மாதம் முன்பு, ஜூன் 26, டோக்கியோவில் இனோக்கியோடு அந்தக் கூத்து. ஜப்பான் மல்யுத்த வீரர் தரையில் படுத்துக்கொண்டே பதினைந்து சுற்றும் அலியின் காலை உதைத்தார். கால் வீங்கி, இரத்தம் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார் அலி. அந்தக் காலோடு, 34 வயதில், உச்சத்தில் இருந்த நார்ட்டனை அவர் ஜெயித்தார். இது அலியின் பெருமையைக் கூட்டும் ஆட்டம்.

பதினைந்தாம்சுற்று:
முதலில் சந்தேகமே இல்லாத வெற்றி. இப்போது கால் வீங்கியிருந்தும் போராடிப் பெற்ற வெற்றி. எது சார்? சந்தேகமே இல்லையென்றால் இனோக்கி எதற்கு வருகிறார்?

கால் சரியில்லாதவர் என்றால் ஆட்டம் எப்படிப் போயிருக்கும்? முதல் பாதியில் நார்ட்டன் துரத்தித் துரத்தி அடித்தார். அப்படித்தான் நடந்தது. பின்பாதியில் அலி சில சுற்றுகளை மீட்டார், அதையும் நான் மறுக்கவில்லை. எல்லாம் கூட்டிக் கழித்தால் 7–7. மிச்சம் பதினைந்தாவது சுற்று. திரும்பத் திரும்ப அங்கேதான் வருகிறோம், வரத்தான் வேண்டும்.

கிங்ஸ்டன்73:
பதினைந்தாவது சுற்று என்றால் இன்னொன்றும் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். 1978 ஜூன், லாஸ் வேகாஸ். லாரி ஹோம்ஸ். பதினான்கு சுற்றுக்குப் பிறகு மூன்று அட்டையிலும் சமம். கடைசிச் சுற்றை ஹோம்ஸ் எடுத்தார், 143–142 கணக்கில் பிளவுத் தீர்ப்பு, அதாவது இரண்டு நடுவர்கள் ஹோம்ஸுக்கு, ஒருவர் நார்ட்டனுக்கு. ஹோம்ஸ் இடது கைத் தசைக் காயத்தோடு ஆடியவர். பட்டம் தொங்கும் கடைசிச் சுற்று வந்தாலே உங்கள் ஆள் கோட்டை விடுவார், தம்பி. அது நடுவர்கள் செய்த சதி இல்லை, நார்ட்டனின் பழக்கம்.

பதினைந்தாம்சுற்று:
தம்பி என்று அழைக்க நான் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. வயதில் யார் மூத்தவர் என்று உங்களுக்குத் தெரியாது.

ஹோம்ஸ் ஆட்டத்தின் பதினைந்தாவது சுற்று ஹெவிவெயிட் வரலாற்றிலேயே பார்க்க வேண்டிய மூன்று நிமிடம். அதில் நார்ட்டன் ஒரு நொடிகூட அடக்கி வாசிக்கவில்லை. இருவரும் நின்ற இடத்தில் நின்று மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். அது கோட்டை விட்டதா? யாங்கி ஸ்டேடியத்தில் தன் தரப்பு சொன்னதைக் கேட்டு இழந்தவர், வேகாஸில் முழு உயிரையும் கொடுத்து ஒரே ஒரு பாயின்டில் இழந்தார். இரண்டு பட்டப் போட்டிகளிலும் அவர் ஒரு சுற்று தூரத்தில் நின்றார். ரிங்கில் ஜெயித்துப் பெறாத சாம்பியன் என்று அவரைக் கேலி பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மணிக்கூண்டு:
அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, நீங்களே எடுத்தீர்கள். அப்போதைய சாம்பியன் ஸ்பிங்க்ஸ் நார்ட்டனோடு ஆடாமல் அலியோடு மறு ஆட்டத்துக்குப் போனதால், டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) தன் பட்டத்தை நார்ட்டனுக்குக் கொடுத்தது. உலகப் பட்டம் வைத்திருந்தவர் எவரையும் உலகப் பட்டப் போட்டியில் அவர் ஜெயித்ததில்லை. நான் அவரைக் கீழே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினைந்தாம்சுற்று:
அந்தப் பட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1977 நவம்பரில் ஜிம்மி யங்கைப் பதினைந்து சுற்றில் ஜெயித்த தகுதியில் வந்தது. அந்த யங் யார்? அதே வருடம் மார்ச்சில் சான் ஹுவானில் ஃபோர்மனைத் தோற்கடித்தவர். கடைசிச் சுற்றில் ஃபோர்மனைக் கீழேயும் விழவைத்தவர். ஃபோர்மன் அதோடு பத்து வருடம் ரிங் பக்கமே வரவில்லை. கிங்ஸ்டன்73 இதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

கிங்ஸ்டன்73:
திறக்கிறேன். யங் ஃபோர்மனை ஜெயித்தார், நார்ட்டன் யங்கை ஜெயித்தார், ஃபோர்மன் நார்ட்டனை இரண்டு சுற்றில் முடித்தார். இந்த வளையத்தில் நேருக்கு நேர் மோதியவர்கள் கணக்கு ஒன்றுதான் எனக்கு வேண்டும். பலமாக அடிப்பவன் எதிரே நின்றால் நார்ட்டனுக்குக் கால் பின்னும். ஃபோர்மன் இரண்டு சுற்று. 1979-ல் ஷேவர்ஸ் ஒரே சுற்று. 1981-ல் ஜெர்ரி கூனி 54 நொடி. அலியோடு 39 சுற்று நின்றதற்குக் காரணம் அலி அந்த வகை அடிகாரர் இல்லை என்பதே.

பதினைந்தாம்சுற்று:
கூனியோடு ஆடியபோது நார்ட்டன் முப்பதின் கடைசியில் இருந்தார், வேகாஸ் ஆட்டத்தோடு உடம்பின் சாரம் போயிருந்தது. இதைச் சொல்லாமல் 54 நொடி என்று மட்டும் எழுதுவது நேர்மை இல்லை. அலியின் கடைசி ஆட்டங்களை வைத்து அலியை எடை போடுவீர்களா? 1980-ல் ஹோம்ஸிடம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் தோற்றாரே, அதை அவர் கணக்கில் எழுதுவீர்களா? மாட்டீர்கள். நார்ட்டனுக்கு மட்டும் தனி நியாயம்.

பொதுவன்:
அளவுகோல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கடற்கரைக்காற்று:
1980-ஐப் பற்றி மறுபடியும் மரியாதை இல்லாமல் எழுதியிருக்கிறார். நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்.

மணிக்கூண்டு:
ஷேவர்ஸோடு 1977-ல் அலி பதினைந்து சுற்று நின்றாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? அதே ஷேவர்ஸ் நார்ட்டனை ஒரு சுற்றில் முடித்தார். என் பட்டியலை நான் மாற்றப் போவதில்லை. பதினைந்தாவது சுற்று அலியுடையது, மூன்று நடுவர்களும் சொன்னார்கள்.

பதினைந்தாம்சுற்று:
ஷேவர்ஸ் ஆட்டத்தையா எடுக்கிறீர்கள்? நல்லது. அந்த இரவு தொலைக்காட்சியில் ஒவ்வொரு சுற்றின் மதிப்பெண்ணையும் உடனுக்குடன் காட்டினார்கள். டண்டி அதைப் பார்க்க ஆள் வைத்துக்கொண்டு அலிக்குச் சொன்னார். கணக்கு தெரிந்து ஆடுபவருக்கும் தெரியாமல் ஆடுபவருக்கும் எவ்வளவு வித்தியாசம்! யாங்கி ஸ்டேடியத்தில் நார்ட்டனுக்கு 7–7 என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பதினைந்தாவது சுற்றின் முதல் நொடியிலிருந்தே பாய்ந்திருப்பார். அந்தச் சுற்றை ஒலி இல்லாமல் பாருங்கள், வர்ணனையாளர் பேச்சு காதில் விழாமல். பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

மணிக்கூண்டு:
ஒலி இல்லாமலும் பார்த்தாயிற்று. அலி.

கிங்ஸ்டன்73:
கராகஸை ஒலியோடு பாருங்கள்.