ஓணான் கேட்டவனுக்கு ஆமை, ஆமைக்கு ஒரு விளக்கு

பொங்கோல்வாசி:

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று அம்மா அடிக்கடி சொல்வார். சிட்னியில் இருக்கும் என் அண்ணனோ அந்த ஓணானைக் காசு கொடுத்து வாங்கி, அதற்கு அரசாங்க உரிமமும் எடுத்து, வரவேற்பறையில் வைத்திருக்கிறார். பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி, நம் ஊர் ஓணானுக்குப் பங்காளி முறை. இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் விடுமுறையில் அங்கே போயிருந்தோம். அது முன்காலைத் தூக்கி டாட்டா காட்டுகிற மாதிரி ஆட்டியதில் என் மகன் மயங்கிவிட்டான். ஊர் திரும்பியதும் எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

இங்கே சிங்கப்பூரில் அது நடக்காது. ஊர்வன வகையில் சிவப்புக் காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும் மட்டும்தான் நாம் வளர்க்கலாம். டெலிகிராமில் ஓணான் விற்று மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிச் செய்தியில் வந்திருக்கிறது. மாட்டாவிட்டாலும், ஒளித்து வளர்ப்பவர் அதற்கு நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவார்? மகனிடம் இதையெல்லாம் சொல்லி, ஒரு ஐந்து வெள்ளி நாணயத்தாளின் பாதி அகலம்கூட இல்லாத ஆமைக்குட்டியில் சமாதானம் செய்துகொண்டோம்.

கடையில் தொட்டி, வடிகட்டி, வெயில் காய ஒரு மேடை, அப்புறம் 18 வெள்ளிக்கு ஒரு பல்பு கொடுத்தார்கள். பெட்டியில் யூவிஏ, யூவிபி என்ற இரண்டு புற ஊதாக் கதிர்களின் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. மாட்டியதும் தொட்டி பளிச்சென்று ஆனது. ஆமை மேடையில் ஏறி, பின்னங்கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. மேலே தூசி விழக் கூடாதென்று நானே ஒரு கண்ணாடித் தகடு வெட்டி வாங்கி மூடி வைத்தேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஏழு மாதம் கழித்துத் தொட்டி கழுவும்போது ஓட்டின் ஓரம் கட்டை விரலுக்கு அடியில் அமுங்கியது. நனைந்த அட்டைப்பெட்டி அமுங்குமே, அப்படி. குட்டியில் ஓடு சற்று இளசாக இருக்கும், ஆனால் வளர வளர இறுக வேண்டும். எங்களுடையது நேர்மாறாகப் போய்க்கொண்டிருந்தது.

எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை, விளக்கைப் பற்றி. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். இது இழை பல்பு, சூடும் வெளிச்சமும் தரும், யூவிபி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தராது, பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார். பிறகு அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நல்ல விளக்கே இருந்திருந்தாலும் சாதாரணக் கண்ணாடி யூவிபியை அநேகமாக முழுவதும் தடுத்துவிடுமாம். ஆக, இல்லாத ஒன்றை நான் மூடி போட்டுத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான கதிர், அதாவது யூவிபி, தோலில் பட்டால் அங்கே டி3 வைட்டமினுக்கான மூலப்பொருள் உருவாகிறது. அது உடல் சூட்டில் டி3 ஆகி, கல்லீரலும் சிறுநீரகமும் கடந்த பிறகுதான் குடல் சுண்ணாம்புச் சத்தை ஒழுங்காக உறிஞ்சும். கதிர் இல்லையென்றால் சுண்ணாம்புக்காக எவ்வளவு கணவாய் ஓடு போட்டாலும் உள்ளே ஏறாது. உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்து கடன் வாங்கும். ஓடும் எலும்புதானே.

அன்றிரவு அண்ணனை அழைத்தேன். ஓணானுக்கு 12 சதவீத யூவிபி டி5 டியூப் (டி5 என்பது ஒல்லியான குழல் விளக்கு வகை), கூண்டு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சூட்டு விளக்கும் அதே பக்கம், 40 டிகிரிக்கு. மறுபக்கம் நிழலும் குளிர்ச்சியும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அதுவே நகர்ந்து தீர்மானித்துக்கொள்ளும் என்றார். ஆமைக்கு மருத்துவர் சொன்னபடி 6 சதவீத டி5 டியூபை மேடைக்கு மேலே 30 சென்டிமீட்டரில் தொங்கவிட முடிவு செய்தேன். டியூபை மாட்ட அமெரிக்காவிலிருந்து வரவழைத்த முதல் விளக்குச் சட்டம் டப்பென்று வெடித்தது தனிக்கதை. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. வாங்குமுன் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்:

உங்கள் கண்ணாடித் தகடு மாதிரி என்னிடமும் ஒன்று உண்டு அண்ணே. மெல்பர்னில் படித்தபோது அறைத்தோழனும் நானும் பியர்டட் டிராகன் வளர்த்தோம். விளக்கெல்லாம் முறையாகத்தான் வாங்கினோம். ஆனால் இரண்டு வருடம் டியூபை மாற்றவே இல்லை. எரிகிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம். வெளிச்சம் அப்படியே இருக்க, யூவிபி மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டு வரும் என்பது தெரியாது.

ஒருநாள் அதன் பின்னங்கால் விரல்கள் தானாகத் துடித்தன. தெரிந்தவர் ஒருவர் சோலார்மீட்டர் 6.5 என்ற அளவியைக் கொடுத்தார். அது காட்டுவது யூவி குறியீட்டை, அதாவது புற ஊதாக் கதிரின் வீரியத்தைச் சொல்லும் எண்ணை. எங்கள் ஓணான் உட்காரும் கிளையில் 0.6! புது டியூப் போட்டதும் 4.1 வந்தது. நடுவில் இருந்த கம்பி வலையை வைத்தால் 2.6க்கு இறங்கியது. அந்த வலையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிட்டது.

இந்த எண்களுக்கு ஒரு அடிப்படை உண்டு. 2010இல் ஃபெர்குசன் குழுவினர் பல்லி, ஓணான் வகைகளை வெயில் காயும் பழக்கப்படி நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். டிராகனுக்கு மூன்றாவது மண்டலம் என்று சொல்வார்கள்: யூவி குறியீடு சராசரியாக 1.0 முதல் 2.6 வரை, உச்சமாக 2.9 முதல் 7.4 வரை. அதைவிட ஏற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். எங்கள் அடுத்த அறைக்காரர் விளக்கைப் பக்கவாட்டில் பொருத்தி, அவருடைய ஓணான் கண்ணைத் திறக்காமல் இரண்டு நாள் கிடந்தது. வெயில் மேலிருந்துதான் வரும், அதற்கேற்ற மாதிரிதான் அதன் புருவ மேடு இருக்கிறது.

ஊர் திரும்பும்போது அதைக் கொண்டுவர வழியில்லை. தோழனிடமே விட்டுவிட்டு வந்தேன். இன்னும் இருக்கிறது, தாடி கறுத்துக்கொண்டு.

தோ பாயோ அக்கா:

விளக்கே வாங்காமல் வளர்த்தவள் நான். நம் ஊர் வெயிலுக்கு என்ன குறை, நடுப்பகலில் யூவி குறியீடு 11ஐத் தாண்டுகிற நாளெல்லாம் உண்டு. ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? சன்னல் ஓரம், மூடிய கண்ணாடிக்குப் பின்னால் தொட்டியை வைத்தேன். கதிர் வரவில்லை, சூடு மட்டும் வந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாகி, ஆமை சுவரைப் பிறாண்டிய சத்தத்தில்தான் ஓடிவந்தேன். இன்னும் அரைமணி போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இப்போது காலை எட்டரைக்கு புளோக் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் அலசல் தொட்டி, பாதி மேல் துண்டு போட்ட நிழல், கொஞ்சம் தண்ணீர், இருபது நிமிடம். பக்கத்திலேயே முக்காலி போட்டுக் காப்பி குடிப்பேன். விட்டுவிட்டு உள்ளே போக முடியாது, காக்கை சும்மா இருக்காது. மழை மாதங்களில் இது சரிப்படவில்லை, அதனால் போன டிசம்பரில் நானும் டியூபுக்கு மாறிவிட்டேன்.

பொங்கோல்வாசி:

அக்கா, நாங்களும் நடைபாதையை யோசித்தோம். எங்கள் பக்கம் வெயில் மாலையில்தான் வரும், அந்நேரம் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

டைமரைக் காலை ஏழுக்குப் போட்டு மாலை ஏழுக்கு அணையும்படி வைத்திருக்கிறேன். நம் ஊர்ச் சூரியனும் ஏறக்குறைய அதே நேரக்காரன்தான், வருடம் முழுக்க. ஐந்து மாதத்தில் ஓட்டின் ஓரம் இறுகிவிட்டது. நடுவில் விழுந்த மேடுபள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது, அது போகாது என்றார் மருத்துவர்.

ஜூரோங் தம்பி சொன்னதைப் படித்ததும் மகன் டியூபின் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மாட்டிய தேதியை எழுதிவிட்டான். பக்கத்திலேயே, மாற்ற வேண்டிய தேதிக்கு நேராக, தாடி வைத்த ஒரு ஓணான் படம்.