மாட்டுக்குப் போடும் வலி ஊசி பாறுக் கழுகைக் கொல்கிறது என்பது எப்படி உறுதியானது?

கேள்வி (மாயாற்றங்கரை விவசாயி):
மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊரில் மாடு வளர்க்கிறோம். காய்ச்சலுக்கும் மடிவீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் ஊசியால்தான் பாறுக் கழுகுகள் அழிந்தன என்கிறார்கள். மாட்டுக்குத் தீங்கு செய்யாத மருந்து, அதன் இறைச்சியைத் தின்னும் பறவையை மட்டும் எப்படிக் கொல்லும்? பூச்சிக்கொல்லியோ தொற்றுநோயோ காரணமாக இருக்கக் கூடாதா?

பதில் (கால்நடை மருத்துவ மாணவி):
ஐயா, ஆய்வாளர்களும் முதலில் இவற்றையே சந்தேகித்தார்கள். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் கழுகுகள் கழுத்தைத் தொங்கவிட்டு மரத்திலேயே சோர்ந்திருந்து இறந்தபோது, ஏதோ வைரஸ் என்றே பலரும் எண்ணினர். பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரல், இதயம் முதலிய உறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. பறவைகள் கழிவு நைட்ரஜனை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுவதால், சிறுநீரகம் செயலிழந்தால் அது இரத்தத்தில் தேங்கி உறுப்புகளில் படிந்துவிடும். பூச்சிக்கொல்லி, உலோக நஞ்சு, கிருமி ஆகியவற்றைத் தேடியும் காரணம் கிடைக்காததால், கால்நடைகளுக்குத் தரப்படும் மருந்துகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது என்று விசாரித்தார்கள். 2004இல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: சிறுநீரகம் கெட்டு இறந்த 25 கழுகுகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது, வேறு காரணத்தால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. மருந்து செலுத்திய கால்நடையின் இறைச்சியைத் தின்ற வளர்ப்புக் கழுகுகளும் அவ்வாறே இறந்தன.

பதில் (பறவை நோக்கர்):
ஒரே சடலத்தில் பல கழுகுகள் கூடித் தின்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இம்மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இட்டு, முதிர்ச்சியடைய ஐந்தாண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும் பறவையால் அந்த இழப்பை ஈடுகட்ட இயலாது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஏறக்குறைய 99.9 விழுக்காடு குறைந்தது. உங்கள் மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் இன்றும் அவை கூடு கட்டுவது எவ்வளவு அரிய செய்தி என்பதை இந்த எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் மருத்துவரிடம் எந்த ஊசியைக் கேட்க வேண்டும்?

பதில் (கால்நடை மருத்துவ மாணவி):
மெலாக்சிகாம் கேளுங்கள், கழுகுகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பாதுகாப்பானது என்று உறுதிசெய்யப்பட்ட மருந்து அது. டோல்ஃபெனாமிக் அமிலமும் அவ்வாறே. கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டபோதும், மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால், 2015இல் அக்குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டும் 2023இல் தடைக்குள் வந்தன. தடை செய்யப்பட்ட இம்மருந்துகளில் எதையாவது போட்டுச் சில நாட்களுக்குள் மாடு இறந்தால், திறந்த வெளியில் போடாமல் ஆழப் புதைத்துவிடுங்கள்.

பதில் (பறவை நோக்கர்):
ஒன்றைச் சேர்க்க வேண்டும். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் நஞ்சு தடவினால், ஊசியே போடாத ஊரிலும் ஒரு கூட்டமே அழிந்துவிடும். இழப்பீட்டுக்கு உடனே வனத்துறையில் விண்ணப்பித்து, நஞ்சில்லாத அந்தச் சடலத்தை அங்கேயே விட்டுவிடும்படி அண்டை வீட்டாரிடமும் சொல்லுங்கள்.