4 வயது மகளுக்கு எண்ணிக்கை விளையாட்டுகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் 20 வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் "5 கரண்டி எடுத்து வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். நேற்று 6 கரண்டிகளை நெருக்கி வைத்து எண்ணச் சொன்னேன். சரியாக ஆறு என்றாள். அவள் கண்ணெதிரே அவற்றையே தள்ளித் தள்ளிப் பரப்பினேன். "இப்போது நிறைய இருக்கிறது, அம்மா" என்றாள், அத்தனை உறுதியாக! இந்த வயதில் இது இயல்புதான், 6, 7 வயதுவாக்கில் தெளியும் என்று உளவியலாளர் ஜீன் பியாஜே விளக்கியிருக்கிறார். அதனால் திருத்த மனம் வரவில்லை.

காலுறைகளை ஜோடி சேர்ப்பது, தட்டுக்கு ஒரு டம்ளர் வைப்பது இரண்டையும் ஆசையாகச் செய்கிறாள். படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது. இப்படி வீட்டு வேலையோடு கலந்த விளையாட்டுகளில் உங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டவை எவை?

தம்பிக்கு ஒன்றரை வயது, எதையும் வாயில் போட்டுக்கொள்வான். ஆகவே மணி, பொத்தான், விதை வேண்டாம். கைப்பேசிச் செயலிகளும் வேண்டாம். மாலையில் கிடைப்பது அரை மணி நேரம்தான், அதை முழுவதும் அவளுக்கே கொடுக்க விரும்புகிறேன். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.