விவாதம்: பயணத்தில் வாங்கி வரும் ஆப்பிரிக்கப் பெயர் பெயராகுமா?

செங்குட்டுவன்:
கானாவுக்குப் போகும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அங்கே பெயர் சூட்டும் சடங்கில் உட்கார்ந்து புதுப் பெயரோடு திரும்புகிறார்கள். வர்ஜீனியாவில் 1619-ல் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டு 400 ஆண்டு ஆனதையொட்டி, 2019-ஐ 'திரும்பி வரும் ஆண்டு' என்று கானா அரசு கொண்டாடியது. அதற்கப்புறம் இதைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. காலையில் அடிமைகளை அடைத்துவைத்த கேப் கோஸ்ட் கோட்டை, மத்தியானம் பெயர் சூட்டல், சாயங்காலம் கடைத்தெரு. பிறந்த தேதியைக் கேட்டு, கிழமை பார்த்து ஒரு பெயர் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்த பெண் அமா. கையில் ஒரு சான்றிதழ். இது கானாவின் அக்கான் இனத்தாருடைய வழக்கம். அவருடைய முன்னோர் அக்கான் மக்கள்தானா? அங்கோலாவிலிருந்தோ செனகலிலிருந்தோ கப்பலேற்றப்பட்டிருக்கலாம். யாருடைய பெயரென்றே தெரியாமல் எப்படி வாங்கிக்கொள்வது?

கயல்விழி:
அண்ணா, அது ஏன் தெரியாமல் போனது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். விலைக்கு வாங்கியவன் வைத்ததுதான் பெயர். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் தன் பெயரில் போட்டுக்கொண்ட அந்த எக்ஸ், தொலைந்துபோன ஆப்பிரிக்கப் பெயருக்காக விட்ட இடம். 1964-ல் அவர் இபாதான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது நைஜீரிய முஸ்லிம் மாணவர்கள் அவருக்கு 'ஓமோவாலே' என்று பெயர் வைத்தார்கள். அங்கே வாழும் யொரூபா மக்களின் மொழியில், வீடு திரும்பிய பிள்ளை என்று அர்த்தம். 'உங்கள் பாட்டன் யொரூபாவா' என்று அவரிடம் விசாரித்துவிட்டா கொடுத்தார்கள்?

இன்னொன்று, கிழமைப் பெயர்கள் அந்தக் கப்பல்களிலேயே போனவை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1739-ல் அவர்களை உடன்படிக்கைக்கு வரவைத்த ஜமைக்கா மரூன்களின், அதாவது அடிமைத்தனத்திலிருந்து தப்பித் தனியாக வாழ்ந்தவர்களின், தலைவர் கட்ஜோவின் பெயர் திங்கட்கிழமைப் பெயர்தான். மாசசூசெட்ஸில் 1759-ல் பிறந்த கப்பல் தலைவர் பால் கஃபியின் அப்பா, அடிமையாகக் கொண்டுவரப்பட்ட கோஃபி. முதலாளி வீட்டின் ஸ்லோகம் என்ற பெயரை விட்டுவிட்டு, அப்பாவின் பெயரையே பால் தன் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்.

செங்குட்டுவன்:
பால் கஃபிக்கு அது அப்பாவின் பெயர், தங்கச்சி. நான் கேட்பதும் அதைத்தான். பயணத்தில் வந்தவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அதைவிட வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. கானாவின் அசின் மான்சோ என்ற ஊரின் ஆற்றில் கடைசியாகக் குளிப்பாட்டப்பட்டுக் கடற்கரைக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களில் பலர் வடக்கிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். பிடித்ததிலும் விற்றதிலும் அசாந்தே அரசுக்கும் கரையோர ஃபாந்தே வணிகர்களுக்கும் பங்கு உண்டு. இரண்டுமே அக்கான் மக்கள். விற்றவனின் மொழியில், விற்கப்பட்டவரின் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். சடங்கு நடத்துகிற எவரும் வந்தவரிடம் இதை முதலில் சொல்ல வேண்டாமா?

கயல்விழி:
சொல்லத்தான் வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பிடிபட்டவர்களைக் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்ட வழக்கமும் அசாந்தேயில் உண்டு. ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே பழைய சட்டம். வெளியிலிருந்து வந்தவருக்குப் பெயர் கொடுப்பது நேற்று பயணிகளுக்காக முளைத்தது இல்லை.

செங்குட்டுவன்:
அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் சம இடம் கிடைத்ததா? வாரிசுரிமை என்று வந்தால் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும், யார் எங்கிருந்து வந்தவர் என்று. வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

அக்ரா மாறன்:
நான் கானாவின் தலைநகர் அக்ராவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள், கூப்பிட்டிருந்தார்கள். விடிவதற்குள் எல்லோரும் முற்றத்தில் கூடிவிட்டோம். அப்பா வழிப் பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல்" என்றார். அப்புறம் மதுவில் நனைத்து, "மது என்றால் மது என்று சொல்." இப்படி மூன்று முறை. குழந்தை முகத்தைச் சுளித்தது, எல்லோரும் சிரித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கிழமைப் பெயரை யாரும் கொடுப்பதில்லை. பிறந்தபோதே அது வந்துவிடுகிறது. எட்டாம் நாள் கொடுப்பது இரண்டாவது பெயர். அப்பா தேர்ந்தெடுப்பது, பெரும்பாலும் மதிப்புள்ள ஒருவருடைய பெயர். நல்லபடி வாழ்ந்த அத்தையோ தாத்தாவோ, சில சமயம் உயிரோடிருக்கும் நண்பரோ. அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்கும் அந்த மனிதரின் வீட்டுக்கும் ஓர் உறவு. கோத்திரம் அம்மா வழியில் வரும், பெயர் அப்பா வழியில் வரும்.

அதனால் செங்குட்டுவன் ஐயா, கிழமைப் பெயருக்காகச் சண்டை வேண்டாம். வெள்ளிக்கிழமை எங்கே பிறந்தாலும் வெள்ளிக்கிழமைதான். பயணச் சடங்குகளில் பலவற்றில் குறைவது அந்த இரண்டாவது பெயர். அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலைப் பாருங்கள். கானாவின் முதல் அதிபர் க்வாமே என்க்ருமா, கினி நாட்டின் முதல் அதிபர் செக்கு தூரே இருவர் பெயரையும் சேர்த்து க்வாமே தூரே ஆனார். அவர்களோடு நெருங்கிப் பழகியவர். கினியிலேயே குடியிருந்து 1998-ல் அதன் தலைநகர் கொனாக்ரியில் இறந்தார். அவருடையது யாருடைய பெயர் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

செங்குட்டுவன்:
இது நியாயம். ஆனால் அந்த அளவுகோலில் நூற்றுக்குத் தொண்ணூறு சான்றிதழ்கள் நிற்காது.

கயல்விழி:
எல்லோராலும் கொனாக்ரியில் போய்க் குடியேற முடியுமா? 2019 நவம்பரில் 126 பேருக்கும் 2024 நவம்பரில் 524 பேருக்கும் கானா குடியுரிமை கொடுத்தது. மற்றவர்கள் பத்து நாள் விடுப்பில் வந்து போகிறவர்கள். அவர்களுக்கு அந்த ஒரு மத்தியானம்தான் வாய்க்கிறது. அதில் அழுதுவிட்டுப் போகிறவரைப் பார்த்து உன் பெயர் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அக்ரா மாறன்:
செல்லாது என்று சொல்லவில்லை அம்மா. பெயர் கொடுத்த வீட்டோடு தொடர்பு இருக்க வேண்டும் என்கிறேன். இங்கே சனிக்கிழமைதோறும் எங்காவது ஓர் ஊரில் இறுதிச் சடங்கு இருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயரை வைத்திருப்பவர் வர முடியாவிட்டாலும் தன் பங்கை அனுப்புவார். அனுப்பியவர் பெயரை ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம்.

செங்குட்டுவன்:
அப்படியானால் பெயர் வைக்கிறவர்களும் ஒரு குடும்பத்தைக் கைகாட்டிவிட வேண்டும். வாசலில் மேளம் அடித்து வரவேற்றுவிட்டு, பேருந்து கிளம்பியதும் மறந்துவிடக் கூடாது. அதுவரைக்கும் என் எதிர்ப்பு எதிர்ப்புதான்.

கயல்விழி:
என்னோடு வேலை பார்க்கும் தோழி டிசம்பரில் போகிறார். புதன்கிழமை பிறந்தவர், அதனால் அகுவா. இரண்டாவது பெயரைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். மாறன் அண்ணா, முன்கூட்டியே ஒரு குடும்பத்தோடு பேசி வைக்க வேண்டுமென்றால் யாரிடம் போக வேண்டும்? ஊர்த் தலைவரிடமா, ஊரின் பெண் தலைவரான அரசியன்னையிடமா?